அடம்பிடித்த கல்யாண டிவிடி

ஏற்காட்டில் சித்தப்பா வீட்டு அலமாரியில் கிடந்த கல்யாண டிவிடிகளைப் பழைய லேப்டாப்பில் ஏற்றித் தரும் வேலை என் தலையில் விழுந்தது. மலை ஈரத்தில் எல்லாவற்றிலும் லேசான படலம். ஈரத்துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடைத்தேன். வட்டமாகத் தேய்த்தால் கீறல் தடத்தின் போக்கிலேயே விழும், டிரைவால் சமாளிக்க முடியாது.

டிவிடியில் படம் இருக்கும் வீடியோ_டிஎஸ் ஃபோல்டரை இழுத்துப் போட்டதில் பெரும்பாலானவை ஏறிவிட்டன. முகூர்த்த டிவிடிதான் அடம். டிவிடி உள்ளிருந்து வெளியே படிக்கப்படும். விரல் படும் விளிம்பு கடைசியில் வரும். சரியாக அங்கே வந்ததும் 'கிர்ர்... டக்' என்று முனகல், விண்டோஸ் கைவிரித்தது.

சரி என்று லினக்ஸில், பழுதான டிஸ்க்கிலிருந்து தரவை மீட்கும் டிடிரெஸ்கியூ நிரலை ஓட்டினேன். கெட்ட இடத்தில் முட்டிக்கொண்டு நிற்காமல், நல்ல பகுதியை முதலில் எடுத்துவிட்டு அப்புறம் விட்டதைத் துருவும். செக்டர் (டிஸ்க்கில் ஒரு துண்டு) அளவு 2048 பைட் என்று கொடுக்க வேண்டும். எது படித்தாயிற்று, எது பாக்கி என்று குறித்து வைக்கும் மேப் ஃபைலை மறக்கக்கூடாது. அது இருந்ததால்தான் சேலத்தில் நண்பனின் யூஎஸ்பி டிவிடி டிரைவில் விட்ட இடத்திலிருந்து தொடர முடிந்தது. ஒரு டிரைவ் படிக்காததை இன்னொன்று படிக்கும்!

இப்படிக் கிடைக்கும் ஐஎஸ்ஓ (முழு டிவிடியின் நகல் ஃபைல்) 4 ஜிபியைத் தாண்டினால் எஃப்ஏடி32 முறையில் ஃபார்மேட் செய்த டிஸ்க்கில் ஏறாது, என்டிஎஃப்எஸ் போன்ற வேறு ஃபார்மேட் வேண்டும். விஎல்சி பிளேயரில் நேராக ஓடுகிறது. தாலி கட்டும் இடத்தில் மட்டும் படம் கொஞ்சம் கட்டம் கட்டமாக உடைகிறது. சித்தி அதைக் கண்டுகொள்ளவில்லை.