புதிய மடிக்கணினியில் கிராபிக்ஸ் பழுதா? மாற்றித் தரும் கெடு முடிவதற்குள் கண்டறியும் முறை

வாங்கிச் சில நாட்களே ஆன மடிக்கணினியின் திரையில் வண்ணக் கோடுகள் ஓடினாலோ, விளையாட்டின் நடுவே திரை கறுத்துப்போனாலோ, கிராபிக்ஸ் கார்டு போய்விட்டது என்று உடனே முடிவு கட்டிவிடுகிறோம். அதே அறிகுறியைத் திரைப் பலகமும், அதை மதர்போர்டோடு இணைக்கும் மெல்லிய கேபிளும், கிராபிக்ஸை விண்டோஸோடு பேசவைக்கும் டிரைவர் மென்பொருளும், ஏன், ரேமும்கூடக் காட்டக்கூடும். எனவே ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே வந்து, கடைசியில் எஞ்சுவது எது என்று பார்க்க வேண்டும். புதிய கணினிக்கு இதில் ஒரு தனி நிபந்தனையும் சேர்கிறது. பழுதைச் சரிசெய்வது நம் வேலையே அல்ல. பழுது வன்பொருளில்தான் என்பதற்குச் சான்று திரட்டிக்கொடுத்தால் போதும், மீதி விற்றவர் பொறுப்பு. ஆகவே இங்கே சொல்லும் எந்தப் படியிலும் ஸ்க்ரூ டிரைவருக்கு வேலையில்லை.

டெல்லியில் இருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் சபலம் உண்டு. மெட்ரோ ஏறினால் கணினிக் கடைகள் நிறைந்த நேரு பிளேஸ் சந்தை. அங்கே எதையும் திறந்து பார்க்க ஆள் இருக்கிறது. சூடான காற்றைப் பாய்ச்சிச் சிப்பை 'உயிர்ப்பித்து'த் தருகிறேன் என்பவர்களும் உண்டு. சிப்புக்கும் அதன் அடிப்பலகைக்கும் இடையிலுள்ள நுண்ணிய இணைப்புகளில் விரிசல் விடுவது பழைய கதை. 2008 ஜூலையில் என்விடியா நிறுவனமே தன் முந்தைய மடிக்கணினிச் சிப்புகள் சிலவற்றில் பேக்கேஜிங் பொருள் பலவீனமானது என்று ஒப்புக்கொண்டு, அதற்காக 15 முதல் 20 கோடி டாலர் ஒதுக்குவதாக அறிவித்தது. அத்தகைய விரிசலைச் சூடாக்கினால் தற்காலிகமாக ஒட்டிக்கொள்ளும், சில வாரங்களில் திரும்பவும் விட்டுப்போகும். வாரண்டி உள்ள கணினியை அதற்காகத் திறக்கக் கொடுப்பது, கையிலிருக்கும் உரிமையை நாமே கிழித்துப் போடுவதாகும்.

பழுதல்லாதவை எவை

சோதனையைத் தொடங்குமுன் மூன்று இயல்பான நிகழ்வுகளைத் தெரிந்துகொள்ளுங்கள். முதலாவது, புதிய கணினியை இணையத்தில் இணைத்தவுடன் விண்டோஸ் அப்டேட் பின்னணியிலேயே கிராபிக்ஸ் டிரைவரை நிறுவும்; அப்போது திரை சில விநாடிகள் கறுத்து, மினுங்கி, மீளும். இரண்டாவது, 144 அல்லது 165 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு அத்தனை முறை படம் புதுப்பிக்கப்படும்) திரையுள்ள பல கணினிகள் சார்ஜரைப் பிடுங்கியவுடன் மின்சாரம் சேமிக்க 60 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். அந்த மாற்றத்தில் ஒரு கறுப்பு வெட்டு தெரியும். மூன்றாவது, பிராசசருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸிலிருந்து, தனிச் சிப்பாக இருக்கும் 'தனி கிராபிக்ஸு'க்கு மாறும்போது சில மாடல்களில் திரை ஒரு கணம் உறைந்து நிற்கும். இம்மூன்றும் மாற்றம் நிகழும் தருணத்தில் மட்டும் வந்து போகும். காரணமின்றித் திரும்பத் திரும்ப வந்தால் தொடர்ந்து படியுங்கள்.

படி 1: சான்று சேர்க்கத் தொடங்குங்கள்

பில்லின் தேதியையும், மாற்றித் தரும் கெடு எப்போது முடிகிறது என்பதையும் முதலில் பாருங்கள். இணையத்தில் வாங்கியிருந்தால் பெரும்பாலும் ஏழு அல்லது பத்து நாள்தான். பிறகு, கோளாறு தெரியும்போதெல்லாம் கைபேசியில் வீடியோ எடுங்கள். திரையின் மூலையில் தேதியும் நேரமும் தெரியட்டும். அதே வீடியோவில் கணினியைத் திருப்பி, அடியிலுள்ள சீரியல் எண்ணையும் காட்டிவிடுங்கள். சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோகும் நாளில் கோளாறு ஒளிந்துகொள்வது வழக்கம் என்பதால், இந்த வீடியோ இல்லாமல் மற்றவற்றைச் செய்தும் பயனில்லை.

படி 2: ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஒப்பிடுங்கள்

எல்லாச் சோதனைகளிலும் எளியதும், என் கருத்தில் மிகவும் பயனுள்ளதும் இதுவே. திரையில் கோடோ கட்டமோ தெரியும்போது ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அந்தப் படத்தை வேறொரு கருவியில் திறந்து பாருங்கள். ஸ்கிரீன்ஷாட் என்பது கிராபிக்ஸ் நினைவகத்தில் வரையப்பட்டிருக்கும் படத்தின் நகல். அது கேபிளையோ திரையையோ தொடுவதே இல்லை. ஆர்.கே.புரத்தில் எங்கள் குடியிருப்பிலுள்ள கல்லூரி மாணவி ஒருத்தி, புகாருக்குச் சான்றாக எனக்கு வாட்ஸப்பில் ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினாள். என் கைபேசியில் அது பளிச்சென்று சுத்தமாக இருந்தது. "அங்கிள், இங்க பச்சைக் கோடு நல்லாவே தெரியுது, உங்களுக்குத் தெரியலையா?" என்று கேட்டாள். தெரியாததுதான் விடை. படம் ஒழுங்காக வரையப்பட்டு, திரைக்குப் போகும் வழியிலோ திரையிலோ கெடுகிறது என்று பொருள்.

மாறாக, ஸ்கிரீன்ஷாட்டிலும் கோளாறு பதிந்திருந்தால் கிராபிக்ஸ் சிப், அதன் நினைவகம், டிரைவர் ஆகிய மூன்றில் ஒன்றின்மேல் சந்தேகம் விழ வேண்டும். கோளாறின் வடிவமும் துப்புத் தரும். மேலிருந்து கீழ்வரை ஒரே இடத்தில் அசையாமல் நிற்கும் ஒற்றைக் கோடு பெரும்பாலும் திரைப் பலகத்தின் குறை. திரையெங்கும் சீரான இடைவெளியில் சிதறும் சிறு சதுரங்கள், சதுரங்கப் பலகை போன்ற திட்டுகள், விளையாட்டில் உருவங்களிலிருந்து நீண்டு கிழியும் முக்கோணங்கள் ஆகியவை கிராபிக்ஸ் நினைவகக் கோளாற்றின் வழக்கமான முகங்கள்.

படி 3: விண்டோஸுக்கு முன்பே பாருங்கள்

கணினியை அணைத்து, இயக்கும்போது கணினியின் அடிப்படை அமைப்புகளைக் காட்டும் பயாஸ் திரைக்குள் செல்லுங்கள். டெல், ஏசஸ், ஏசர் கணினிகளில் பொதுவாக எஃப்2 விசை; எச்பியில் எஃப்10; லெனோவோவின் திங்க்பேடில் எஃப்1. இங்கே விண்டோஸும் இல்லை, அதன் டிரைவரும் இல்லை. கால் மணி நேரம் அப்படியே விட்டுவையுங்கள். இங்கும் கோடு வந்தால் மென்பொருள் என்ற பேச்சுக்கே இடமில்லை. "விண்டோஸை மறுபடி நிறுவிப் பாருங்கள்" என்று சொல்லித் திருப்பி அனுப்பும் சர்வீஸ் சென்டருக்கு இதைவிடச் சரியான பதில் கிடையாது.

பயாஸ் திரை தெரியும்போதே மூடியை மெல்ல முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். குறிப்பிட்ட கோணத்தில் மட்டும் கோளாறு தோன்றி மறைந்தால், கீலின் வழியே செல்லும் கேபிளோ அதன் இணைப்போதான் காரணம். டெல் கணினியில் இன்னொரு வசதியும் உண்டு: டி விசையை அழுத்திக்கொண்டே பவர் பொத்தானை அழுத்தினால், திரை தன்னைத்தானே சோதித்து முழு வண்ணங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டும். அந்த வண்ணப் பரப்பில் கோடு தெரிந்தால் குற்றவாளி திரைப் பலகம். எச்பி, லெனோவோ போன்றவையும் தம் சொந்தச் சோதனை மென்பொருளைக் கணினிக்குள்ளேயே வைத்திருக்கின்றன. அது தரும் பிழைக் குறியீட்டை எழுதி வைத்துக்கொண்டால் புகார் எண் பெறுவது எளிதாகும்.

படி 4: வீட்டு டிவியில் இணைத்துப் பாருங்கள்

எச்டிஎம்ஐ கேபிளால் டிவியிலோ மானிட்டரிலோ இணையுங்கள். அங்கே படம் சுத்தமாக இருந்து, மடிக்கணினித் திரையில் மட்டும் கோளாறு இருந்தால் இரண்டாம் படியின் முடிவு உறுதியாகிறது. இரண்டிலும் இருந்தால் கிராபிக்ஸ் பக்கம் திரும்புங்கள். ஆனால் இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. தனி கிராபிக்ஸ் உள்ள பல மடிக்கணினிகளில் உள்திரை, பிராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸோடும், எச்டிஎம்ஐ துளை தனி கிராபிக்ஸோடும் இணைக்கப்பட்டிருக்கும். அப்படியானால் டிவியில் மட்டும் கோளாறு தெரிவது, உள்திரை ஒழுங்காக இருந்தாலும், தனி கிராபிக்ஸின் பழுதைக் காட்டலாம். கேபிளையும் ஒருமுறை மாற்றிப் பார்த்துவிடுங்கள்.

படி 5: டிரைவரை விலக்குங்கள்

கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். திரை மினுங்கும்போது டாஸ்க் மேனேஜரும் சேர்ந்து மினுங்கினால் டிரைவரையும், அது மட்டும் அசையாமல் நின்றால் கணினியில் நிறுவிய ஏதோ ஒரு செயலியையும் சந்தேகிக்கச் சொல்கிறது மைக்ரோசாஃப்ட். விண்டோஸ், கண்ட்ரோல், ஷிப்ட், பி ஆகிய நான்கையும் சேர்த்து அழுத்தினால் கிராபிக்ஸ் டிரைவர் மட்டும் மீண்டும் தொடங்கும். அதோடு கோளாறு மறைந்தால் மென்பொருளின் பக்கம் தராசு சாய்கிறது.

அடுத்து, கணினி நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடலுக்கென்றே தரப்பட்டிருக்கும் டிரைவரை இறக்கிப் பழையதை நீக்கிவிட்டு நிறுவுங்கள். அதன் பிறகும் தொடர்ந்தால், மிக அடிப்படையான மென்பொருளோடு மட்டும் விண்டோஸ் இயங்கும் சேஃப் மோடில் பாருங்கள். அங்கே மைக்ரோசாஃப்டின் அடிப்படை டிரைவரே இயங்கும் என்பதால், அங்கும் கோளாறு வந்தால் நீங்கள் நிறுவிய டிரைவரைக் குற்றம் சொல்ல முடியாது. கணினியிலுள்ள கருவிகளைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் கிராபிக்ஸ் கார்டின்மேல் மஞ்சள் முக்கோணமும் உள்ளே 43 என்ற குறியீடும் இருந்தால், அந்தக் கருவி தன்னிடம் சிக்கல் இருப்பதாகத் தெரிவித்ததால் விண்டோஸ் அதை நிறுத்திவிட்டது என்று பொருள். புதிய டிரைவருக்குப் பிறகும் 43 நின்றால் வன்பொருள் ஐயம் வலுக்கிறது.

விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவன்ட் வியூவரில் சிஸ்டம் பிரிவைத் திறந்து 4101 என்ற எண்ணைத் தேடுங்கள். கிராபிக்ஸ் சிப் ஒரு வேலைக்கு இரண்டு விநாடிக்குள் பதில் தராவிட்டால் விண்டோஸ் டிரைவரை மீட்டமைக்கிறது. அந்த ஒவ்வொரு மீட்சியும் இந்த எண்ணோடு பதிவாகும். மீட்டமைப்பும் தோற்றால் 116 என்ற பிழைக் குறியீட்டோடு நீலத்திரை வரும். என்றோ ஒருமுறை 4101 வருவது பெரிதல்ல. தினமும், வெவ்வேறு செயலிகளில், வெவ்வேறு டிரைவர் பதிப்புகளிலும் வந்தால் அந்தப் பட்டியலைப் படமெடுத்து வையுங்கள்.

படி 6: ரேமை மறவாதீர்கள்

பிராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸுக்குத் தனி நினைவகம் கிடையாது. அது ரேமிலிருந்துதான் கடன் வாங்குகிறது. எனவே குறையுள்ள ரேம், கிராபிக்ஸ் பழுதைப் போலவே வேடம் போடும். விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் என்று தேடி இயக்குங்கள். ஓர் இரவு ஒதுக்க முடிந்தால் மெம்டெஸ்ட்86 என்ற ரேம் சோதனை மென்பொருள் இன்னும் நம்பகமானது.

படி 7: சுமை ஏற்றிப் பாருங்கள்

சும்மா இருக்கும்போது ஒழுங்காகவும் விளையாடும்போது மட்டும் கெட்டும் போகும் கணினிகளுக்கே இந்தப் படி. எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் வெப்பநிலையைக் கவனித்தபடி, யூனிஜின் ஹெவன் போன்ற இலவசச் சோதனையை அரைமணி நேரம் ஓட்டுங்கள். ஃபர்மார்க் என்ற சோதனை நிஜ விளையாட்டுகளில் காணாத சுமையை ஏற்றுவது. மடிக்கணினிக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஓசிசிடி மென்பொருளில் கிராபிக்ஸ் நினைவகத்துக்கென்றே ஒரு சோதனை இருக்கிறது. அதில் ஒரு பிழை வந்தாலும் அது சான்றுதான்.

இங்கே டெல்லியின் கோடையைக் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும். பெரும்பாலான மடிக்கணினிகள் 35 டிகிரி வரையிலான அறை வெப்பத்துக்கே வடிவமைக்கப்பட்டவை. மே மாதப் பிற்பகலில் இங்கே வெளியில் 40-ஐத் தாண்டுகிறது. மொட்டைமாடிக்கு நேர்கீழே உள்ள அறையில், மெத்தையின்மேல் வைத்து ஓட்டினால் எந்தக் கணினியும் தடுமாறும். அதைப் பழுது என்று சொல்ல முடியாது, சர்வீஸ் சென்டரும் அதையே சொல்லும். ஆகவே ஏசி அறையிலோ அதிகாலையிலோ, மேசைமேல் வைத்து, சார்ஜரோடு ஒருமுறையும் பேட்டரியில் ஒருமுறையும் ஓட்டுங்கள். சுமையில் கிராபிக்ஸ் சிப் 80 டிகிரியைத் தாண்டுவது கேமிங் மடிக்கணினிகளில் வழக்கமே. குளிர்ந்த அறையில், 60 டிகிரிக்குள்ளேயே திரை சிதறினால் வெப்பத்தைக் காரணம் காட்ட முடியாது.

நேரம் இருந்தால், விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம் உபுண்டுவை யுஎஸ்பியில் ஏற்றி, நிறுவாமலே இயக்கிப் பார்க்கலாம். அங்கும் அதே கோளாறு என்றால் விண்டோஸ் விடுபடுகிறது. தனி கிராபிக்ஸை அது பெரும்பாலும் தொடாது என்பதால், அங்கே ஒழுங்காக ஓடியது என்பதை வைத்து எதையும் முடிவு செய்துவிடாதீர்கள்.

படி 8: புகார்

விற்பனைத் தளம், கணினி நிறுவனம் இரண்டிலும் ஒரே நாளில், எழுத்துமூலமாகப் புகார் பதியுங்கள். "திரை சரியில்லை" என்று எழுதாமல், "பயாஸ் திரையிலும் கோடு வருகிறது, சேஃப் மோடிலும் தொடர்கிறது, வீடியோ இணைப்பில்" என்று எழுதுங்கள். வந்தபோதே பழுது என்பதற்கான சான்றிதழைச் சில தளங்கள் கேட்பதுண்டு. அதைக் கணினி நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரிலிருந்து கெடுவுக்குள் வாங்க வேண்டும். சென்டரில் ஒப்படைக்கும்போது ஜாப் ஷீட்டில் கோளாறு நீங்கள் சொன்னபடியே எழுதப்பட்டிருக்கிறதா, உடலில் கீறல் ஏதுமில்லை என்று குறிக்கப்பட்டிருக்கிறதா என்று படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். உங்கள் கோப்புகளை அதற்கு முன்பே நகலெடுத்துக்கொள்ளுங்கள்.

இழுத்தடித்தால், மின்வணிகத்துக்கான 2020 நுகர்வோர் விதிகளைக் குறிப்பிட்டு, தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொள்ளவும், ஒரு மாதத்துக்குள் தீர்வு தரவும் அவர் கடமைப்பட்டவர். அடுத்த கதவு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை அங்கே மனுவுக்குக் கட்டணம் இல்லை. மாற்றுக் கணினி கைக்கு வந்ததும், பெட்டி திறப்பதை வீடியோ எடுத்துக்கொண்டு, மூன்றாம் படியையும் ஏழாம் படியையும் அன்று மாலையே முடித்துவிடுங்கள்.