தாங்கியைத் தோண்டி எடுத்தாச்சு, பீலியைப் பார்த்தீர்களா?

மலைநாட்டில் நிலத்துக்குள் புதைத்த தாங்கியிலிருந்து டீசல் ஒழுகினால் ஒழுகிய இடத்திலேயே நிற்பதில்லை. பெற்றோல் செட் மேட்டில் இருக்கும், வாடை கீழே தொழிலாளர் லயத்தில் ஊற்றுத் தண்ணீர் விழும் பீலியில் வரும். நடுவில் தேயிலை பச்சையாகவே நிற்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. சுத்தம் செய்யப் போகிறவர்களும் தாங்கிக் குழியையே சுற்றிக்கொண்டு நிற்கிறார்கள். நான் பார்த்த பிழைகள் பலவும் அங்கேதான் தொடங்குகின்றன.

"சொட்டுச் சொட்டாகத்தானே ஒழுகுது" என்பார்கள். சரி, கணக்குப் போடுவோம். நொடிக்கு ஒரு சொட்டு, 20 சொட்டுக்கு 1 மில்லிலீட்டர் என்று வைத்தால் நாளுக்கு 4 லீட்டருக்கு மேல், வருடத்துக்கு 1,500 லீட்டரைத் தாண்டும். தேயிலை மண் புளிப்புத் தன்மை உள்ளது, அதில் புதைத்த பழைய இரும்புத் தாங்கி துருப்பிடிக்காமல் என்ன செய்யும்? கோல் விட்டு அளந்த அளவும் புத்தகக் கணக்கும் ஒத்துப்போகாதபோது "ஆவியாகிப் போயிருக்கும்" என்று எழுதி மூடிவிடுகிறார்கள். பெற்றோலுக்கு அதைச் சொன்னாலாவது ஓரளவு நம்பலாம். டீசல் அவ்வளவு இலேசில் ஆவியாகாது.

அப்புறம் தோண்டும் வேலை. வெறும் தாங்கிதானே என்று வெல்டிங் மெஷினைக் கொண்டுபோய் வெட்டுவது உயிரோடு விளையாடுவது. எண்ணெய் நிறைந்த தாங்கியைவிட ஆவி நிறைந்த வெறும் தாங்கிதான் வெடிக்கும். பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமானது, குழிக்குள்ளேயே தங்கும். தோண்டிய மண்ணைக் கானோரம் கொட்டுவதும் தோட்டத்து ரோட்டுப் பள்ளத்தை நிரப்பக் கொடுப்பதும் அழுக்கை இன்னோர் இடத்துக்குக் குடியேற்றும் வேலை. தடித்த பொலித்தீனின் மேல் குவித்து, மழை படாமல் மூட வேண்டும். மழைக்காலத்தில் சரிவின் அடியை ஆழமாக வெட்டினால் மண்சரிவுக்கே வழி செய்து கொடுத்ததாகும், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் கேட்காமல் தொடக்கூடாது. சவர்க்காரத் தூள் போட்டுக் கழுவுவதை எழுதக்கூட வெட்கமாக இருக்கிறது. அது எண்ணெயைக் கரைத்து இன்னும் கீழே இறக்கும், அவ்வளவுதான்.

இனி நிலத்தடி நீர். யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் கிணற்று நீரில் எண்ணெய் கலந்த வழக்கில், பாதிக்கப்பட்டவர்களுக்கு 2 கோடி ரூபா கொடுக்கும்படி 2019இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது சுண்ணக்கல் பூமி, வாளி விட்டால் தெரிந்துவிடும். இங்கே மேலே உக்கிய மண், அடியில் வெடிப்போடிய கரும்பாறை. எண்ணெய் நீர்மட்டம் வரை இறங்கி, அதன்மேல் மிதந்து, சரிவோடு பரவும். பாறை வெடிப்புக்குள் போய்விட்டால் அது எந்தப் பக்கம் திரும்பும் என்று மேலே நின்று சொல்ல முடியாது. ஆகவே தாங்கியருகே நிலத்துக்குள் ஒரு சோதனைக் குழாய் இறக்கி, அதில் வரும் நீரை மட்டும் சோதித்துவிட்டு "சுத்தம்" என்பது ஏமாற்று. கீழேயுள்ள ஊற்றுகளையும் பீலிகளையும் கோடையில் ஒருமுறை, மழையில் ஒருமுறை பார்க்க வேண்டும். சோதனைக் குழாயில் நீர் உள்ளே வரத் துளையிட்ட பகுதி முழுவதும் நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தாலும் பிழைதான், மிதக்கும் எண்ணெய் மேலேயே தங்கிவிடும், கையில் வருவது நல்ல தண்ணீர்.

மோட்டர் வைத்து இறைப்பவர்கள் தண்ணீர் தெளிந்ததும் மூட்டை கட்டிவிடுகிறார்கள். மண் துளைகளில் ஒட்டிய எண்ணெய் அப்படியே இருக்கும். அடுத்த பெருமழையில் நீர்மட்டம் ஏறும்போது வாடையும் திரும்பி வரும். நுண்ணுயிர்களை விட்டுத் தின்ன வைப்பது டீசலுக்கு நல்ல வழி. இதற்கென்று நுண்ணுயிர்ப் பொடி வாங்கத் தேவையில்லை, பெரும்பாலும் மண்ணிலேயே அவை இருக்கின்றன. காற்றும் அளவான உரமும் கொடுத்தால் வேலை செய்யும். உரத்தை அள்ளிப் போட்டால் நைத்திரேற்று தண்ணீரில் இறங்கும். நுவரெலியாவின் சராசரி வெப்பம் 16 பாகை செல்சியஸ் அளவுதான், அந்தக் குளிரில் நுண்ணுயிர்கள் மெதுவாகத்தான் தின்னும். கொழும்பில் மூன்று மாதம் பிடித்த வேலையை இங்கேயும் மூன்று மாதத்தில் முடிப்போம் என்று ஒப்பந்தம் போடாதீர்கள்.

குடிக்கிறவர்கள் பக்கம் இரண்டு பிழைகள். கொதிக்க வைத்தால் சரியாகும் என்பது ஒன்று. அடுப்படியில் அந்த ஆவியை மூச்சில் இழுப்பதுதான் மிச்சம். குளோரின் போடுவது மற்றது. அது கிருமிக்கு மருந்து, எண்ணெய்க்கு இல்லை. வாடை போனதும் நிம்மதியடையவும் வேண்டாம். பெற்றோலிலுள்ள நச்சுப் பொருளான பென்சீனுக்குக் குடிநீரில் உலக சுகாதார அமைப்பு சொல்லும் எல்லை லீட்டருக்கு 0.01 மில்லிகிராம். பெற்றோலில் பென்சீன் 1 சதவீதம் என்று வைத்தால், ஒரே லீட்டர் பெற்றோல் 7 இலட்சம் லீட்டர் தண்ணீரை அந்த எல்லைக்குக் கொண்டுவந்துவிடும். மூக்குக்கு அந்த அளவு எட்டாது.

சந்தேகம் வந்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் போங்கள். பழைய சோடா போத்தலில் பாதி தண்ணீர் பிடித்துக்கொண்டு போகாதீர்கள், போகும் வழியிலேயே பென்சீன் மேலே உள்ள காற்றுக்குப் போய்விடும். ஆய்வுகூடம் தருகிற கண்ணாடிப் போத்தலில், காற்றுக்குமிழ் ஒன்றுகூட இல்லாமல் விளிம்புவரை நிரப்பி, ஐஸில் வைத்து அன்றைக்கே அனுப்புங்கள்.