முன்னிடைச்சொல்லில் முடியும் ஆங்கிலச் செயப்பாட்டு வாக்கியம் சரியா என்று பார்ப்பது எப்படி?

"ஹி வாஸ் லாஃப்ட் பை எவ்ரிஒன்" என்ற பிழை நம் மாணவர்களின் விடைத்தாள்களில் அடிக்கடி வருகிறது. "லாஃப்ட் அட் பை எவ்ரிஒன்" என்பதே சரி. தமிழில் வேற்றுமை உருபு பெயரை விட்டுப் பிரிந்து தனியே நிற்பதில்லை. ஆகவே 'அட்', 'பை' என இரண்டு முன்னிடைச்சொற்கள் அடுத்தடுத்து வரும்போது, ஏதோ மிகையாகிவிட்டது என்று எண்ணி ஒன்றை வெட்டிவிடுகிறோம். ஆங்கிலத்தின் உறவுமொழியான ஜெர்மனிலும் இந்த அமைப்பு இல்லை என்பதால், இது நமக்கு மட்டுமே உள்ள இடர்ப்பாடு அன்று.

ஐயம் வந்தால் முதலில் செய்வினை வாக்கியத்தை எழுதிப் பாருங்கள். அதில் உள்ள முன்னிடைச்சொல் செயப்பாட்டிலும் இருக்க வேண்டும். "லுக்ட் அப் டு பை" என்று மூன்று சிறு சொற்கள் வரிசையாக நின்றாலும் தவறில்லை.

அடுத்து, வினையும் முன்னிடைச்சொல்லும் ஒட்டி நிற்கின்றனவா என்று பாருங்கள். "தி மேட்டர் வாஸ் ஓப்பன்லி டாக்ட் அபவுட்" சரி. "டாக்ட் ஓப்பன்லி அபவுட்" என்றால் பெரும்பாலோர் ஏற்பதில்லை. 'டேக் அட்வான்டேஜ் ஆஃப்' போன்ற மரபுத்தொடர்கள் முழுவதும் ஒரே வினையாக இயங்குவதால், நடுவில் பெயர்ச்சொல் நின்றாலும் "ஷி வாஸ் டேக்கன் அட்வான்டேஜ் ஆஃப்" என்று எழுதலாம்.

உண்மையில் கடினமானது பொருள் சார்ந்த சோதனை. "திஸ் பெட் ஹாஸ் பீன் ஸ்லெப்ட் இன்" என்று கேட்டதும், கசங்கிய விரிப்பும் தலை பதிந்த தலையணையும் நம் கண்முன் வருகின்றன. படுத்தவரால் படுக்கையின் நிலை மாறியிருக்கிறது. "தி ரிவர் வாஸ் ஸ்லெப்ட் பிசைட்" என்பதில் கரையில் ஒருவர் உறங்கியதால் ஆற்றுக்கு எதுவும் நேரவில்லை, எனவே வாக்கியம் நிற்கவில்லை. அவ்வாறே, "எ டெசிஷன் வாஸ் அரைவ்ட் அட்" இயல்பானது, ஏனெனில் அந்தச் செயலால்தான் முடிவே பிறக்கிறது. "தி ஸ்டேஷன் வாஸ் அரைவ்ட் அட்" பிழையாகப் படுகிறது, ஏனெனில் யார் வந்தாலும் வராவிட்டாலும் நிலையம் அங்கேயேதான் இருக்கிறது.

இருப்பினும், தனித்து நிற்கும் வாக்கியத்தைப் பார்த்து உடனே தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஒருவர் ஒருமுறை மரத்தடியில் அமர்ந்ததைச் "சாட் அண்டர்" என்று செயப்பாட்டில் சொன்னால் காதில் இடறும். மூன்று தலைமுறை மாணவர்கள் அமர்ந்த மரம் என்றால், அதுவே அம்மரத்தின் அடையாளமாகிவிடுவதால் அதே அமைப்பைப் பலர் ஏற்பார்கள். மொழியியலாளர்கள் பிழையான வாக்கியத்தின் முன் உடுக்குறியும் (*), ஐயத்துக்குரியதன் முன் வினாக்குறியும் இடுவார்கள். சூழலை மாற்றிப் பார்க்கும் முன் உடுக்குறி இட வேண்டாம்.