"பால் போதவில்லை" என்று முடிவு கட்டும் முன்: முதல் மாதங்களில் தாய்ப்பாலூட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் மாதங்களிலேயே தாய்ப்பாலை நிறுத்திவிட்ட பெண்களிடம் காரணம் கேட்டால், அடிக்கடி வரும் பதில் "பால் போதவில்லை" என்பதுதான். சிலருக்கு அது உண்மை. ஆனால் பலருக்குப் பால் இருந்திருக்கிறது. அதை அளந்த விதம்தான் தவறு. குழந்தை ஓயாமல் அழுகிறது, மார்பு தளர்ந்துவிட்டது, பம்பில் கொஞ்சம்கூட வரவில்லை என்று எதையெதையோ வைத்து முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த முடிவை நம்பிச் செய்யும் காரியங்களே அடுத்த சில வாரங்களில் பாலை உண்மையாகவே குறைத்துவிடுகின்றன. கீழே வரும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றிலிருந்து கிளைத்தவை.

முதல் நாளிலேயே தொடங்கும் சந்தேகம்

பிரசவம் முடிந்தவுடன் மார்பில் பாலே இல்லை என்று நினைப்பது தவறு. கர்ப்பத்தின் நடுப்பகுதியிலிருந்தே சீம்பால் உருவாகத் தொடங்கிவிடுகிறது. அது கெட்டியாக, பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில், கொஞ்சமாகத்தான் இருக்கும். முதல் நாளில் ஒரு முறைக்குக் குழந்தை குடிப்பது ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி அளவே. அதன் வயிறும் அதற்கு மேல் கேட்பதில்லை. நோய் எதிர்ப்புப் புரதங்கள் அடர்ந்த இந்தப் பாலை "பழைய பால்" என்று பீய்ச்சிக் கொட்டிவிட்டு வேறு எதையாவது புகட்டுவதைப் போன்ற வீண் வேலை இல்லை.

நஞ்சுக்கொடி வெளியேறிய பிறகுதான், அதுவரை பால் பெருகுவதைத் தடுத்துவந்த புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனின் அளவு உடலில் சரிகிறது. அதைத் தொடர்ந்து, பொதுவாக இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் பால் பெருகத் தொடங்கும். சிசேரியன், தாயின் நீரிழிவு, பிரசவத்தில் ஏற்பட்ட அதிக ரத்தப்போக்கு ஆகியவற்றால் இது சற்றுத் தள்ளிப்போகலாம். மருத்துவக் காரணம் எதுவும் இல்லாமலே புட்டி உள்ளே நுழைவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் மார்பில் போட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் வலியுறுத்துவது சடங்குக்காக அல்ல. தாயின் தோலோடு தோல் படக் கிடக்கும் குழந்தை தானாகவே மார்பைத் தேடிப் போகிறது. அந்தச் சப்புதல்தான் சுரப்பைத் தூண்டுகிறது.

முதல் நாட்களில் குழந்தையின் எடை குறைவதைக் கண்டும் பலர் பதறுகிறார்கள். பிறந்த எடையில் 7 விழுக்காடு வரை குறைவது சாதாரணம். அதைத் தாண்டினால் பாலூட்டும் முறையைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். 10 விழுக்காட்டை எட்டினால் மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். இரண்டு வாரத்துக்குள் குழந்தை பிறந்த எடையைத் திரும்பத் தொட்டுவிட வேண்டும்.

காம்பை மட்டும் சப்பவிடுவது

"ஆரம்பத்தில் வலிக்கத்தான் செய்யும், போகப்போகப் பழகிவிடும்." புதிய தாய்மார்களுக்குச் சொல்லப்படும் அறிவுரைகளிலேயே அதிகக் கேடு செய்வது இதுதான் என்பேன். வாய் வைத்த முதல் சில நொடிகள் சுருக்கென்று இருக்கலாம். பாலூட்டி முடியும் வரை பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார வேண்டியிருந்தால், குழந்தை மார்பைச் சரியாகப் பிடிக்கவில்லை என்று பொருள். அதற்குப் பழகிக்கொள்ளக் கூடாது, திருத்த வேண்டும்.

காம்பை மட்டும் சப்பினால் குழந்தைக்குப் பால் சரியாக வராது. காம்போடு சேர்த்து அதைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் பெரும்பகுதியும் வாய்க்குள் போக வேண்டும். நன்றாகப் பிடித்திருந்தால் வாய் அகலத் திறந்திருக்கும், கீழுதடு வெளிப்பக்கம் மடிந்திருக்கும், முகவாய் மார்பில் அழுந்தியிருக்கும். கருவட்டம் கீழே தெரிவதைவிட மேலே அதிகமாகத் தெரியும். சில முறை சப்பியபின் விழுங்கும் ஓசை கேட்கும். மாறாக, கன்னம் குழிந்தாலோ, "டக் டக்" என்று சத்தம் வந்தாலோ, வாயிலிருந்து எடுத்த காம்பு ஒரு பக்கம் நசுங்கிக் கூராகத் தெரிந்தாலோ பிடித்தது சரியில்லை.

இதற்குப் பெரும்பாலும் காரணம் தாய் உட்காரும் விதம். குனிந்து மார்பைக் குழந்தையின் வாயில் திணிப்பதற்குப் பதிலாக, முதுகைச் சாய்த்து வசதியாக அமர்ந்துகொண்டு குழந்தையை மார்புக்குக் கொண்டுவர வேண்டும். குழந்தையின் வயிறு தாயின் உடலோடு ஒட்டியிருக்கட்டும். காது, தோள், இடுப்பு மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருக்கட்டும். கழுத்தைத் திருப்பிக்கொண்டு குடிப்பது பெரியவர்களுக்கே கடினம். குழந்தையின் மூக்கு காம்புக்கு நேரே வரும்படி பிடித்து, அது வாயை அகலத் திறக்கும் வரை காத்திருந்து, சட்டென்று அருகே அணைத்துக்கொள்ளுங்கள். பின்தலையைப் பிடித்து அழுத்தாதீர்கள். அழுத்தினால் குழந்தை தலையைப் பின்னுக்குத் தள்ளி முரண்டு பிடிக்கும். கழுத்தடியையும் தோளையும் தாங்கினால் போதும். சரியில்லை என்று தெரிந்தால், சிறுவிரலை வாயின் ஓரத்தில் நுழைத்துப் பிடியை விடுவித்து, மறுபடி முயல வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் காம்பு வெடிக்கும்.

ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் காம்பைக் கழுவுவதும் வெடிப்புக்கு ஒரு காரணம். கருவட்டத்திலுள்ள சிறு சுரப்பிகளே அந்தத் தோலுக்கு எண்ணெய்ப் பசையைத் தருகின்றன; அன்றாடக் குளியல் போதுமானது. எல்லாம் சரியாகச் செய்தும் வலி தொடர்ந்தால், குழந்தையின் நாக்கு அடியில் ஒட்டியிருக்கிறதா என்று மருத்துவரையோ பாலூட்டல் ஆலோசகரையோ பார்க்கச் சொல்லுங்கள்.

கடிகாரத்தைப் பார்த்துப் பால் கொடுப்பது

பிறந்த குழந்தை 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை குடிக்கும். அந்த 12 முறையும் சீரான இடைவெளியில் வராது. மாலையில் ஒரு மணி நேரத்துக்குள் மூன்று முறை கேட்டுவிட்டுப் பிறகு நீண்ட நேரம் தூங்கலாம். அழுகை பசியின் கடைசி அறிகுறி. தலையைப் பக்கவாட்டில் திருப்பித் தேடுவது, கையை வாயில் வைப்பது, உதட்டைச் சப்புவது எல்லாம் அதற்கு முன்பே வந்துவிடும். அழுது களைத்த குழந்தையை மார்பில் பிடிக்க வைப்பது இரு மடங்கு சிரமம்.

"இந்தப் பக்கம் பத்து நிமிடம், அந்தப் பக்கம் பத்து நிமிடம்" என்ற கணக்கும் வேண்டாம். மார்பு காலியாகக் காலியாகப் பாலில் கொழுப்பு கூடிக்கொண்டே போகும். ஒரு பக்கத்தைத் தானாக விடும்வரை குடிக்கவிட்டு, பிறகு மறுபக்கம் காட்டலாம். வேண்டுமானால் குடிக்கும், இல்லையென்றால் அடுத்த முறை அந்தப் பக்கத்திலிருந்து தொடங்கலாம்.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. முதல் வாரங்களில் நீண்ட நேரம் தூங்கும் குழந்தையை "நல்ல பிள்ளை" என்று அப்படியே விட்டுவிடுவது. மஞ்சள் காமாலையோ எடைக் குறைவோ உள்ள குழந்தை பசியிருந்தும் எழாமல் போகலாம். பிறந்த எடையைத் தொடும் வரை, மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறையாவது எழுப்பிப் பால் கொடுக்க வேண்டும். இரவிலும்தான். பால் சுரக்கச் செய்யும் புரோலாக்டின் இரவில்தான் அதிகமாக இருக்கும். ஆனால் இரவில் சோபாவிலோ சாய்வு நாற்காலியிலோ குழந்தையுடன் கண்ணயர்ந்துவிடுவது மிகவும் ஆபத்தானது. குழந்தைக்கு மூச்சுத் திணறலாம். அசதியாக இருந்தால் அங்கே உட்கார்ந்து பாலூட்டாதீர்கள்.

உள்ளே போனதை அளக்க முடியாது, வெளியே வருவதை எண்ணலாம்

குழந்தைக்குப் பால் போதுகிறதா என்பதை ஈரமான டயப்பர்களும் எடையும் சொல்லும். முதல் நாள் ஒன்று, இரண்டாம் நாள் இரண்டு என்று கூடி, ஐந்தாம் நாளுக்குப் பின் தினமும் ஆறு அல்லது அதற்கு மேல் நன்றாக நனைந்த டயப்பர்கள் வர வேண்டும். கரும்பச்சை மலம் அதற்குள் மஞ்சளாகியிருக்க வேண்டும். அதன் பிறகு முதல் மூன்று மாதங்களில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 20 முதல் 30 கிராம் எடை கூடும். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை ஆறு வாரத்துக்குப் பின் சில நாட்கள் மலம் கழிக்காமல் இருப்பதுண்டு. மலம் இளக்கமாக இருந்து, எடையும் கூடிவந்தால் கவலை வேண்டாம்.

இவை சரியாக இருக்கும்போது மற்றவற்றை நம்பாதீர்கள். சில வாரங்களில் மார்பு தளர்ந்துபோவது பால் வற்றியதால் அல்ல. தேவைக்கேற்பச் சுரக்க உடல் கற்றுக்கொண்டிருக்கிறது. பம்பில் வரும் அளவும் பாலின் அளவல்ல. நன்றாகப் பிடித்துக் குடிக்கும் குழந்தை பம்பைவிடத் திறமையாக எடுக்கும். மார்பு சிறியதா பெரியதா என்பதற்கும் பால் அளவுக்கும் தொடர்பே இல்லை, அந்த வேறுபாடு பெரும்பாலும் கொழுப்பால் வருவது. இரண்டு மூன்று வாரத்திலும் ஆறாவது வாரத்திலும் குழந்தை திடீரென்று மார்பை விடாமல் ஒட்டிக்கொள்ளலாம். அது கூடுதல் பாலுக்கான கோரிக்கை. ஓரிரு நாள் ஈடுகொடுத்தால் சுரப்பு கூடிவிடும்.

அந்த நாட்களில் புட்டியை நீட்டினால் என்ன ஆகிறது? வயிறு நிறைந்த குழந்தை அடுத்த முறை மார்பை விட்டுவிடுகிறது. பால் தேங்குகிறது. தேங்கினால் உற்பத்தியைக் குறைக்கும்படி உடலுக்குச் செய்தி போகிறது. மறுநாள் பால் குறைவதால் புட்டி இன்னும் பெரிதாகிறது. இறைத்த கிணறு ஊறும் என்ற பழமொழி இந்த இடத்தில் அறிவியலாகவே நிற்கிறது. ரப்பர் சூப்பானையும் பாலூட்டல் நிலைபெறும் வரை, அதாவது மூன்று நான்கு வாரங்களுக்கு, தள்ளிவைப்பது நல்லது.

தண்ணீர், தேன்

ஆறு மாதம் வரை தண்ணீர் தேவையில்லை, வெயில் காலத்திலும். தாய்ப்பாலில் ஏறக்குறைய 87 விழுக்காடு தண்ணீர்தான். தனியாகத் தண்ணீர் கொடுத்தால் பாலுக்கான இடம் பறிபோகும். அளவு மீறினால் ரத்தத்தில் சோடியம் குறைந்து வலிப்புகூட வரலாம். தேன் ஒரு வயது வரை கூடவே கூடாது. பாட்டுலிசம் என்ற கடும் நச்சுப் பாதிப்புக்கு அது வழிவகுக்கும். வைட்டமின் டி தாய்ப்பாலில் குறைவு. அதனால் தினமும் 400 ஐ.யூ. (சர்வதேச அலகு) சொட்டு மருந்தை மருத்துவர்கள் பரிந்துரைப்பதுண்டு.

பால் கட்டும்போது நிறுத்துவது, அழுத்தித் தேய்ப்பது

மார்பு கல்லாக இறுகும்போது ஓய்வு கொடுக்கலாம் என்று தோன்றும். கொடுக்கக் கூடாது. குழந்தை கேட்கும்போதெல்லாம் கொடுங்கள். பிடிக்க முடியாத அளவுக்கு இறுகியிருந்தால் கையால் சிறிது பீய்ச்சிக் கருவட்டத்தை மென்மையாக்கிவிட்டுக் கொடுக்கலாம். இடையில் குளிர்ந்த ஒத்தடம் வீக்கத்தைக் குறைக்கும். கட்டியை உடைப்பதாக நினைத்து அழுத்தித் தேய்ப்பது திசுவைக் காயப்படுத்தி வீக்கத்தைக் கூட்டும். "முழுவதும் காலி செய்கிறேன்" என்று பம்பை மணிக்கணக்கில் இயக்கினால், இவ்வளவு தேவை என்று உடல் புரிந்துகொண்டு இன்னும் சுரக்கும். சிவந்து சூடேறிக் காய்ச்சலும் உடல்வலியும் சேர்ந்தால் அது மார்பழற்சியாக இருக்கலாம், மருத்துவரிடம் போக வேண்டும். அப்போதும் பாலூட்டலை நிறுத்தத் தேவையில்லை. பால் குழந்தையைக் கெடுக்காது.

சளி, காய்ச்சலுக்கும் இதே பதில்தான். தாயின் உடல் உருவாக்கும் எதிர்ப்புப் புரதங்கள் பால்வழியே குழந்தைக்குப் போகின்றன. கையைக் கழுவிக்கொண்டு, முகக்கவசம் அணிந்து கொடுக்கலாம். பெரும்பாலான மருந்துகளைப் பாலூட்டிக்கொண்டே எடுத்துக்கொள்ளலாம். புற்றுநோய் மருந்துகள், கதிரியக்க மருந்துகள் போன்ற சில விலக்குகள் உண்டு. மருந்துச் சீட்டு எழுதும்போதே "பாலூட்டுகிறேன்" என்று சொல்லிவிட்டால் குழப்பம் இல்லை. தானாகப் பாலையும் நிறுத்த வேண்டாம், மருந்தையும் நிறுத்த வேண்டாம்.

சாப்பாட்டில் விலக்கல் பட்டியல் போட்டுத் தாயைப் பட்டினி போடுவதற்கும் நியாயமில்லை. வழக்கத்தைவிட நாளொன்றுக்கு ஏறத்தாழ 450 முதல் 500 கலோரி கூடுதலாகத் தேவைப்படுகிறது. தாகத்துக்குத் தண்ணீர் குடித்தால் போதும். குடம் குடமாகக் குடிப்பதால் பால் கூடாது.

எடுத்துவைத்த பாலில் செய்யும் தவறுகள் சில. 25 டிகிரிக்கு மேற்படாத அறையில் 4 மணி நேரம், குளிர்பதனப் பெட்டியில் 4 நாட்கள் வரை வைக்கலாம். மைக்ரோவேவில் சூடாக்கினால் சில இடங்களில் மட்டும் கொதித்து வாயைச் சுட்டுவிடும். வெந்நீரில் வைத்துச் சூடாக்குங்கள். உறைய வைத்து உருகிய பாலை மீண்டும் உறைய வைக்காதீர்கள்.

உண்மையிலேயே குறைவாக இருக்கும்போது பிடிவாதம்

ஐந்தாம் நாளுக்குப் பின்னும் டயப்பர் நனையவில்லை, சிறுநீரில் செங்கல் தூள் நிறம் தொடர்கிறது, உச்சிக்குழி குழிந்திருக்கிறது, தோலின் மஞ்சள் நிறம் கால்வரை பரவுகிறது, பால் குடிக்க எழுப்பவே முடியவில்லை என்றால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் வந்தாலும் அப்படியே. ரத்தச் சர்க்கரை குறைந்தோ நீர் வற்றியோ இருக்கும் குழந்தைக்கு மருத்துவர் பால் பவுடர் சொன்னால், "தாய்ப்பால் மட்டும்தான்" என்று மறுப்பது தவறு. பால் சுரப்புத் திசு குறைவு, முன்பு நடந்த மார்பு அறுவை சிகிச்சை, தைராய்டு கோளாறு, கருப்பையில் தங்கிவிட்ட நஞ்சுக்கொடித் துண்டு ஆகியவற்றால் பால் உண்மையாகவே குறையும். இது தாயின் முயற்சிக் குறைவு அல்ல. சிலவற்றுக்குச் சிகிச்சையும் உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் நீளும் அழுகையும் வெறுமையும் தாய்க்கு இருந்தாலும் அதற்கு மருத்துவ உதவி வேண்டும்.

புட்டி நுழைந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று மார்பை முழுவதுமாக விடுவது இன்னொரு தவறு. கிடைக்கும் தாய்ப்பால் எவ்வளவானாலும் பயன்தான். முதலில் மார்பு, பிறகு தேவையான அளவு மட்டும் புட்டி. புட்டி கொடுக்கும் ஒவ்வொரு முறையும் கையாலோ பம்பாலோ பாலை எடுத்துச் சுரப்பைத் தூண்ட வேண்டும். சுரப்பு கூடி வந்தால் புட்டிப் பாலை ஒரேயடியாக நிறுத்தாமல், மருத்துவரிடம் எடை பார்த்தபடி, சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டு வரலாம்.