எரிபொருள் வரத்து திடீரென நின்றால் ஓர் ஊர் செய்ய வேண்டியவை

எரிபொருள் வரத்து நின்ற முதல் வாரத்திலேயே பங்கீட்டைத் தொடங்கிவிட வேண்டும். 2022இல் இலங்கை அந்நியச் செலாவணியின்றி எண்ணெய்க் கப்பல்களுக்குப் பணம் செலுத்த முடியாமல் தவித்தபோது, மக்கள் மாதக்கணக்கில் நிரப்பு நிலையங்களில் காத்துக்கிடந்தனர். முதியவர்கள் சிலர் வரிசையிலேயே உயிரிழந்தனர். வாகனத்துக்கு வாராந்த அளவை வரையறுத்த கியூஆர் அனுமதி ஜூலையில் அறிமுகமாகி, ஆகஸ்டில் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த பின்னரே வரிசைகள் குறைந்தன. தட்டுப்பாடு உண்மையானதுதான், ஆயினும் நாளை கிடைக்குமோ என்ற அச்சம் வரிசையை மேலும் நீட்டியது. ஆகவே கையிருப்பையும் அடுத்த விநியோக நாளையும் நாள்தோறும் வெளிப்படையாக அறிவியுங்கள்.

தனியார் வாகனங்களுக்குப் பங்கு பிரிக்குமுன், நோயாளர் காவு வண்டி, மருத்துவமனை மின்பிறப்பாக்கி, குடிநீர்ப் பம்பி, உணவு லொறி, பேருந்து ஆகியவற்றுக்கான அளவை ஒதுக்கி வையுங்கள். அதன்பின் கவனிக்க வேண்டியவை வயலும் கடலும். அறுவடை இயந்திரத்துக்கு டீசல் இரண்டு வாரம் பிந்தினால் முற்றிய நெல் வயலிலேயே உதிர்ந்துவிடும் என்பதால், உழவருக்கு வாரக் கணக்கில் அல்லாமல், ஏக்கர் கணக்கில், பருவத்தை ஒட்டியே வழங்க வேண்டும். கமநல சேவை நிலையம் எனும் உழவருக்கான அரச அலுவலகம் அந்த ஏக்கர் அளவை உறுதிப்படுத்தலாம். வெளியிணைப்பு இயந்திரப் படகுகளுக்கான மண்ணெண்ணெயைக் கடற்றொழிலாளர் சங்கங்களின் வழியே பகிரலாம். வாகனப் பதிவு இலக்கத்தை மட்டும் நம்பிய பங்கீட்டில், வாகனமே இல்லாமல் மண்ணெண்ணெயில் சமைக்கும் குடும்பம் விடுபட்டுப்போகும். அக்குடும்பங்களுக்குக் கூட்டுறவுக் கடையில் தனி அட்டை வேண்டும். என் பார்வையில் இதைப் பின்னுக்குத் தள்ளுவது பெரும் அநீதி.

போக்குவரத்துக்குச் சைக்கிளும் பேருந்தும் போதும். திருத்துநரையும் உதிரிப் பாகங்களையும் முன்கூட்டியே தேடிக்கொள்ளுங்கள்.

உணவுக்கு வீட்டுத் தோட்டத்தை மட்டும் அவசரப்பட்டு நம்பிவிடாதீர்கள். சோவியத் எண்ணெய் நின்ற 1990களின் கியூபா, சீனாவிலிருந்து பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட சைக்கிள்களை இறக்கியது, எருதுகளை ஏரில் பூட்டியது, நகர்களில் காய்கறி விளைவித்தது. ஆயினும் ஊட்டக் குறைவோடு தொடர்புடைய நரம்பு நோய் அங்கே 50,000க்கும் மேற்பட்டோரைத் தாக்கிய பின், 1993இல் மக்கள் அனைவருக்கும் உயிர்ச்சத்து மாத்திரைகள் வழங்க நேர்ந்தது. வீட்டுத் தோட்டம் கீரையைச் சில வாரங்களில் தரும், சோற்றுக்கு ஈடாகாது. எனவே தோட்டங்களைத் தொடங்கும்போதே அரிசி, பருப்பு, முட்டை ஆகியவற்றின் இருப்பையும் உறுதிசெய்து, குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியோரின் எடையை மாதந்தோறும் சுகாதார நிலையத்தில் பதிவுசெய்யுங்கள். எடை குறைவோரின் வீடுகளுக்கு உணவுப் பங்கீட்டில் முதலிடம் கொடுங்கள்.