ஒற்றைக் கயிற்றில் மரமேற, வீட்டிலேயே ஒரு கால் தளை

அப்பா பனையேறி. சாயல்குடிப் பக்கம் பங்குனி பிறந்துவிட்டால் ஒரே பனையில் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை ஏறி இறங்குவார். பாளை அரிவாள் காணாமல் போனால்கூடப் பொறுத்துக்கொள்வார். காலில் மாட்டி மரமேறும் நார் வளையமான தளைநாரை யாராவது இடம் மாற்றி வைத்தால் வீடு இரண்டுபடும். நான் பனை ஏறுவதில்லை. எனக்கு வருகிற வேலையெல்லாம் புளியும் வேம்பும்தான். ஐப்பசி மழைக்கு முன்னால் ஓட்டுக்கு மேல் சாய்ந்து நிற்கும் பட்ட கிளையை இறக்குவேன், மாசியில் புளி உலுக்குவேன். பனையைத் தளை போட்டு அணைத்து ஏறலாம். இரண்டு ஆள் சேர்ந்து கட்டிப்பிடிக்க வேண்டிய புளியமரத்தில் அது நடக்காது. அதனால் மேல் கிளையில் ஒரு கயிற்றைப் போட்டு, அந்தக் கயிற்றிலேயே ஏறுகிறேன். அதற்கும் காலுக்கு ஒரு தளை வேண்டும்.

ஏறுகிற விதம் இதுதான். கயிற்றில் இரண்டு முடிச்சுகள் இருக்கும். மேல் முடிச்சு இடுப்பு ஹார்னஸோடு (இடுப்பிலும் தொடையிலும் மாட்டும் வார்ப்பட்டை), கீழ் முடிச்சு கால் தளையோடு. உட்கார்ந்தபடி காலை மடக்கிக் கீழ் முடிச்சை மேலே தள்ள வேண்டும். தளையில் ஊன்றி எழுந்து நின்றால் மேல் முடிச்சில் பாரம் குறையும், அதை மேலே தள்ளலாம். திரும்ப உட்கார வேண்டும். கம்பளிப்பூச்சி ஏறுகிற மாதிரிதான். இரண்டுமே புருசிக் முடிச்சு. ஆஸ்திரியாக்காரர் கார்ல் புருசிக் 1931இல் வெளியிட்டது. சிறு கயிற்று வளையத்தைப் பெரிய கயிற்றில் மூன்று சுற்றுச் சுற்றினால் பாரம் விழும்போது கவ்வும், பாரம் இல்லாதபோது நகரும்.

எதை வீட்டில் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்பதில் நான் கறார். ஹார்னஸ், பூட்டு வைத்த காரபைனர் கொக்கி, 11 மி.மீ. ஸ்டாட்டிக் கயிறு (பாரத்தில் அதிகம் நீளாத கயிறு), புருசிக் போடும் 6 மற்றும் 8 மி.மீ. நைலான் கயிறு எல்லாம் ஏறுவதற்கென்றே விற்கிற சரக்காக இருக்கட்டும். தளை அறுந்தால் கால் தொங்கும், நீங்கள் ஹார்னஸில் உட்கார்ந்திருப்பீர்கள். அதனால்தான் தளையை மட்டும் நாமே செய்யலாம் என்கிறேன்.

என் முதல் தளையை வள்ளத்தில் கட்டுகிற பச்சைக் கயிற்றில் செய்தேன். கடற்கரை ஊரில் சும்மா கிடைக்கிற பொருள் அதுதானே. அது பாலிபுரொப்பிலீன், தண்ணீரில் மிதக்கும், வள்ளம் கட்ட நல்லது, காலுக்கு எமன். விறைப்பும் வழுக்கலுமாக இருப்பதால் முடிச்சு தானாக நெகிழ்ந்துவிட்டது. வெயிலில் கிடந்தால் தும்பு தும்பாக உதிரும். போதாததற்கு, பத்தடி ஏறுவதற்குள் பாதத்தின் குறுக்கே கோடு விழுந்து மரத்துப் போனது. அப்பா கீழே நின்று, “டேய், தளை காலைப் பிடிக்கணும்டா, அறுக்கக் கூடாது” என்றார்.

இப்போது லாரியில் சரக்கு இறுக்கும் பெல்ட் நாடாவைப் பயன்படுத்துகிறேன். 25 மி.மீ. அகலம், பாலியெஸ்டர். தண்ணீர் குடிக்காது, வெயிலை ஓரளவு தாங்கும். புதியதாக 4 மீட்டர் வாங்குங்கள். முனைகளைத் தீயில் லேசாகக் காட்டி உருக்கிவிட்டால் பிரியாது.

நாடாவைச் சரிபாதியாக மடித்து, மடிப்பில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண் விட்டு ஒற்றை முடிச்சுப் போடுங்கள். காரபைனர் மாட்டும் இடம் அது. இப்போது கீழே இரண்டு வால் தொங்கும், ஒரு காலுக்கு ஒன்று. ஒவ்வொரு வாலிலும் ஒரு இஞ்ச் விட்டமுள்ள தோட்டத்து ஹோஸ் துண்டு, ஒரு சாண் நீளம், நுழைத்துவிடுங்கள். முடிச்சுப் போட்ட பிறகு ஹோஸ் நுழையாது. நான் இரண்டு தடவை மறந்து அவிழ்த்திருக்கிறேன். ஹோஸ் பாதத்தின் அடியில் வருகிற மாதிரி வாலின் முனையை மடக்கி, செருப்போடு கால் தாராளமாக நுழையும் வளையமாக எட்டு வடிவ முடிச்சு ஒன்று போடுங்கள். வளையத்தின் சுற்றளவு அரை மீட்டர் இருந்தால் போதும். முடிச்சுக்கு வெளியே நான்கு விரல் நாடா மிச்சம் இருக்கட்டும். ஹோஸ் இருப்பதால் வளையம் வாயைத் திறந்தே வைத்திருக்கும், மேலே தொங்கிக்கொண்டு காலால் துழாவ வேண்டியதில்லை.

உட்காரும்போது கால் நழுவி வெளியே வருவது அடுத்த தொல்லை. பழைய சைக்கிள் டியூபில் இரண்டு விரல் அகலத்துக்கு வளையம் வெட்டி, ஹோஸின் இரண்டு பக்கமும் மாட்டி, குதிகாலுக்குப் பின்னால் இழுத்துவிடுங்கள். காசில்லாத வைத்தியம்.

நீளம்தான் உயிர்நாடி, இதில் அவசரப்படாதீர்கள். 6 மி.மீ. கயிற்றில் ஒன்றரை மீட்டர் வெட்டி, இரட்டை மீனவர் முடிச்சால் வளையமாக்கி (இந்தப் பெயரைச் சொன்னதும் கீழக்கரையில் ஒரு மீனவ அண்ணன், “நாங்க எப்பத் தம்பி மரம் ஏறினோம்?” என்று சிரித்தார்) முதன்மைக் கயிற்றில் புருசிக் சுற்றுங்கள். அதில் காரபைனர், காரபைனரில் தளை. இரண்டு காலையும் விட்டு நிமிர்ந்து நின்றால் புருசிக் உங்கள் தொப்புள் உயரத்துக்கு வர வேண்டும். நான் ஐந்தரை அடி. கொக்கிக் கண்ணிலிருந்து உள்ளங்கால் வரை எனக்கு 75 செ.மீ. தளை நீண்டால் புருசிக் நெஞ்சுக்கு வந்து மேல் முடிச்சை முட்டும், ஒரு எழும்புக்குச் சாண்கூட ஏற முடியாது. குட்டையானால் முழங்காலை நெஞ்சுவரை மடக்க வேண்டும், பத்தாவது எழும்பில் தொடை நடுங்கும். முடிச்சை இறுக்கும் முன் தாழ்ந்த கிளையில் தொங்கிப் பார்த்து ஏற்றி இறக்குங்கள். நான் அளவு கண்டுபிடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது.

ஏறும்போது பாதத்தை முன்னால் நீட்டி உதைக்காதீர்கள். உதைத்தால் உடம்பு பின்னால் சாய்ந்து, பாரம் முழுக்கக் கைக்கு வரும். குதிகாலைப் பிட்டத்துக்கு அடியில் இழுத்து, கயிற்றை ஒட்டி நேராக எழுந்திருங்கள். கை கயிற்றைச் சும்மா பிடித்திருந்தால் போதும்.

புருசிக்கைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பயத்தில் முடிச்சையே இறுக்கிப் பிடித்துத் தொங்கினால் அது கவ்வாது, வழுக்கும். உரசலில் நைலான் உருகவும் செய்யும். முடிச்சுக்குக் கீழே பிடித்துப் பழகுங்கள். கீழ் முடிச்சிலிருந்தும் ஹார்னஸுக்கு ஒரு தனிக் கயிறு போட்டுவிட்டால் கயிற்றோடு உங்களுக்கு இரண்டு பிடிப்பு இருக்கும். ஆறடிக்கு ஒருமுறை கீழே தொங்கும் கயிற்றில் எட்டு வடிவ முடிச்சு ஒன்று போட்டு அதையும் ஹார்னஸில் மாட்டிக்கொள்வேன். இறங்குவது தனிப் பாடம். எட்டு வடிவ இறங்கு கருவியைத் தெரிந்த ஆளிடம் கற்ற பிறகுதான் உயரம் ஏற வேண்டும். அதுவரை தரையிலிருந்து இரண்டடிக்குள் பழகுங்கள்.

கிளையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தொடைப் பருமனுள்ள பச்சைக் கிளையாக, தண்டை ஒட்டிய கவையாக இருக்கட்டும். முருங்கைப் பக்கமே போகாதீர்கள். கயிற்றின் மறுமுனையை அடிமரத்தில் கட்டினால் கிளையில் உங்கள் எடையைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விழும். அதனால் முதலில் இரண்டு பேர் சேர்ந்து தொங்கிப் பார்ப்போம். மின்கம்பி, தேன்கூடு, கதண்டு என்கிற விஷக் குளவி மூன்றையும் கீழிருந்தே தேடுங்கள். தனியாக ஏறாதீர்கள். ஹார்னஸில் அசையாமல் தொங்கினாலே ஆபத்து. இறக்கிவிடத் தெரிந்த ஒருவர் கீழே நிற்க வேண்டும்.

எங்கள் பக்கம் உப்புக் காற்றும் மணலும்தான் பெரிய எதிரி. மணல் நாடாவின் உள்ளே புகுந்து இழையை அரிக்கும், காரபைனர் பூட்டு உப்புப் பூத்துத் திருகவே வராது. மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காயப்போடுகிறேன். குடத்துத் தண்ணீரைக் கயிற்றுக்கு ஊற்றுவதைப் பார்த்து அம்மா முறைப்பார். ராமநாதபுரத்தில் அந்த முறைப்பு நியாயம்தான்.

நாடாவின் ஓரம் பிசிறு கட்டினால் தளையை மாற்றிவிடுங்கள். பழையதை நான் துண்டு துண்டாக வெட்டிவிடுவேன், வேறு யாரும் எடுத்து ஏறிவிடக் கூடாது. போன தடவை வெட்டியதில் நீளமான துண்டு இப்போது அப்பாவின் ஆட்டுக்குட்டி கழுத்தில் இருக்கிறது.