கோடெல்லாம் விளிம்பாகுமா?

மட்டக்களப்பின் கல்லடிப் பழைய பாலத்தைக் காலை வெயிலில் ஃபோனில் படமெடுத்து, விளிம்பு தேடும் புரோகிராமுக்குள் போட்டுப் பாருங்கள். 1924இல் திறந்த பாலத்தின் இரும்புச் சட்டங்கள் கோடுகளாக வரும். கூடவே அவற்றின் நிழலும், பெயின்ற் உரிந்த துருத்திட்டும், வாவியில் மினுங்கும் அலையும் வரும். புரோகிராம் பிழைவிடவில்லை. ஒளிர்வு எங்கே சடுதியாக மாறுகிறது என்பது மட்டுமே அதற்குத் தெரியும். இரும்பு எது, நிழல் எது என்பது நம்முடைய கவலை.

வேண்டாத கோடுகளைக் கண்டதும் எல்லோரும் செய்வது எல்லை மதிப்பை, அதாவது ஒளிர்வு எவ்வளவு மாறினால் கோடாக எடுப்பது என்ற அளவை, உயர்த்துவது. நானும் அப்படித்தான் தொடங்கினேன். 0 முதல் 255 வரையான அளவில் ஒளிர்வு 60 உள்ள சட்டத்துக்குப் பின்னால் 45 உள்ள இருண்ட தண்ணீர் என்று வையுங்கள். வித்தியாசம் வெறும் 15. பக்கத்தில் அலை மினுக்கம் 50இலிருந்து 240க்குப் பாயும். எல்லையைக் கூட்டினால் முதலில் சாவது இரும்பு. மினுக்கம் அப்படியே நிற்கும்.

ஜோன் கேனி 1986இல் எழுதிய முறை இதற்காகவே இரண்டு எல்லை வைக்கிறது. மேலெல்லையைத் தாண்டிய புள்ளி நிற்கும். இரண்டு எல்லைக்கும் இடையில் கிடப்பது, அப்படி நின்றதோடு தொட்டுக்கொண்டிருந்தால் மட்டும் தப்பும். மேலது கீழதைப்போல் இரண்டு, மூன்று மடங்கு இருக்கட்டும். இரண்டையும் ஒட்டி வைத்தால் கோடு துண்டு துண்டாகும்.

படங்களைக் கையாளும் ஓப்பன்சிவி மென்பொருள் தொகுப்பின் கேனி தானே படத்தை மென்மையாக்கும் என்று நம்பாதீர்கள். அது ஆக்காது; முன்கூட்டியே காஸியன் மங்கலை (ஒவ்வொரு புள்ளியையும் அயல் புள்ளிகளோடு கலப்பது) நீங்கள்தான் போடவேண்டும். அளவு மிஞ்சினால் பக்கத்துப் பக்கத்துக் கம்பிகள் ஒன்றாகிவிடும்.

ஒளிர்வின் சரிவை அளக்கும் சோபெல் முறையில் வேறொரு பொறி. விடையை எதிர்மறை பிடிக்காத 8 பிற் குறியில்லா எண்ணாக வைத்தால், வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் போகும் சரிவு எதிர்மறையாகிப் பூச்சியமாக வெட்டுப்படும். வானத்துக்கு முன்னால் நிற்கும் சட்டத்தின் இடப்பக்கக் கோடு மாயமாகும், வலப்பக்கம் மட்டும் மிஞ்சும்.

மிகவும் சுருக்கிய ஜேபெக் (JPEG) படத்தில் 8 புள்ளிக்கு ஒருதரம் சதுரக் கோடுகள் முளைக்கும். மூலப் படத்தையே கேட்டு வாங்குங்கள்.

நிழலுக்கு நிறத்தைப் பாருங்கள்: ஒளிர்வு விழும், நிற விகிதம் அவ்வளவு மாறாது. அலைக்கு, ஃபோனை அசையாமல் வைத்துப் பத்துப் படம் எடுங்கள்; இரும்பு எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் இருக்கும், மினுக்கம் இராது. காற்றில்லாமல் வாவி கண்ணாடியாய்க் கிடக்கிற காலைகளில் பாலத்தின் பிம்பமும் அசையாமல் நிற்பதால் இதுவும் பலிக்காது. அன்றைக்கு நீர்மட்டத்தைக் கையால் குறித்து, அதன் கீழே உள்ளதை வெட்டிவிட வேண்டியதுதான்.